ஆறு மணிக்குக் கடைசிக் கட்டை

மே மாதத்தின் முதல் உறைபனிக்கு மூட்டிய நெருப்பு செப்டம்பர் வரைக்கும் அணையக் கூடாது. உலகின் தெற்குக் கோடியில், மே மாதம் குளிர்காலம் தொடங்குகிற கொய்ஹாய்க்கேயில் இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் ஜூலையில் ஒரு வீட்டுக் கூரைக் குழாயில் புகை வரவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். உள்ளே யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

நெல்டா வீட்டுக் குழாயில் முப்பத்தொரு வருஷமாக ஜூலையில் புகை நின்றதில்லை. ராத்திரி ஒரு பெரிய லெங்கா மரக் கட்டையை அடுப்புக்குள் தள்ளி அதன் காற்று வாயை முக்கால்வாசி அடைத்துவிட்டால் அது மூச்சை அடக்கிக்கொண்டு விடியும்வரை கனியும். விடிந்ததும் அவள் சாம்பலைக் கிளறி, இரண்டு சிறாய் போட்டு, காற்று வாயைத் திறந்துவிடுவாள். பல் விளக்குவதற்கு முன்னால் செய்கிற வேலை அது. அந்த வார்ப்பிரும்பு அடுப்பின் மேலே எந்நேரமும் கெட்டில் கிடக்கும். அதற்கும் மேலே கம்பியில் காலுறை, உள்சட்டை, எப்போதாவது ஒரு முழுக் கம்பளி.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு திங்கட்கிழமை போன் வந்தது. வியாழன் மதியம் மூன்று மணிக்கு ஆட்கள் வருவார்கள். அடுப்பு தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் கை வைக்க மாட்டார்கள்.

"யாரு போன்ல?" என்று கேட்டார் ஒசியேல். அவர் அடுப்புக்கு எதிரில் தன் நாற்காலியில் இருந்தார். மூக்கில் இரண்டு கிளைக் குழாய். அது தரையில் ஓடி, மூலையில் முனகிக்கொண்டிருந்த மூச்சு மெஷினில் போய்ச் சேர்ந்தது.

"அடுப்பை எடுக்க வர்றாங்களாம். வியாழக்கிழமை."

"எந்தப் புனிதருக்கு நேர்ந்துக்கிட்டே கிழவி, என்னைக் குளிர்ல நிறுத்துறேன்னு?"

மார்ச்சில், அவரிடம் கேட்காமல், நகராட்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள் அவள்தான். வீடு அவள் பேரில் இருந்ததால் ஒரு கையெழுத்தே போதும் என்றார்கள். பழைய விறகு அடுப்பைக் கொடுத்துவிட்டால் சுவரில் மாட்டுகிற சூட்டுக் காற்றுப் பெட்டி கிடைக்கும். படிவத்தில் அதற்கு வெப்பப் பம்பு என்று பேர். ஊரில் எல்லாருக்கும் அது ஏசிதான். கொடுக்கிற அடுப்பை நசுக்கிப் பழைய இரும்பாக்கிவிடுவார்கள். அந்த வீட்டில் பிறகு எந்தக் காலத்திலும் விறகு அடுப்பு வைக்கக் கூடாது.

கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் ஆஸ்பத்திரி. பிப்ரவரியில் டாக்டரம்மா அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒசியேலிடம் எதுவும் பேசாமல் நெல்டாவிடம் திரும்பிச் சொன்னாள்: "இன்னொரு குளிர்காலம் புகையில உக்காந்தார்னா அடுத்ததுக்கு இருக்க மாட்டார்."

ஒசியேல் முப்பது வருஷம் ரம்பம் பிடித்து மரம் வெட்டியவர். புகை விஷயத்தில் அவருக்கு ஒரு தெளிவான கொள்கை இருந்தது.

"அந்தம்மா சொன்னது ஊர்ப் புகையை. நம்ம புகையை இல்ல. என் புகை வெள்ளைப் புகை. நூல் மாதிரி நேரா மேல போயிரும். தரையில படுத்துக் கெடக்கறது ஈர விறகு எரிக்கிறவன் புகை."

"நம்ம புகை வெள்ளைன்னா இந்தச் சுவரை யாரு தீட்டுனது?"

அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவர் ஒரு காலத்தில் வான நீலம். இப்போது, அவர்கள் டீ மாதிரிக் குடிக்கிற மாத்தே இலை ஊறிய தண்ணீரின் பழுப்பு நிறம். ராத்திரி காற்று வாயை அடைத்தால் எவன் விறகும் கறுப்பாகத்தான் புகையும். அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"சரி, கரண்ட் போனா?" என்றார் அவர்.

"கரண்ட் போனா உன் மூச்சு மெஷினும்தான் நிக்கும்."

"ஆக, மூச்சு முட்டியும் சாகணும், குளிர்லயும் சாகணும். ஒண்ணு போதாதா ஒரு மனுசனுக்கு?"

வியாழன் காலை ஆறு மணிக்கு அவள் கடைசிக் கட்டையைப் போட்டாள். அது எரிந்து முடிந்த பிறகு வேறு போடவில்லை. வெளியே காற்றே இல்லை. காற்றில்லாத நாளில் ஊரைச் சுற்றிய மலைகள் ஒரு சட்டி, புகைதான் அதற்கு மூடி. ஒன்பதரைக்கு வந்த சூரியன் அந்த மூடிக்கு மேலேயே நின்றுகொண்டது. பகலிலும் மைனஸ் ஆறு. மருமகன் எர்வின் முந்தின நாளே ஒரு கரண்ட் கணப்பைக் கொண்டுவந்து செருகிப் பார்த்திருந்தான். மூச்சு மெஷினும் அதுவும் சேர்ந்ததும் ஃபியூஸ் போய்விட்டது.

பத்து மணிக்கு ஜன்னலின் உட்புறத்தில் பனி பூத்தது. ஒசியேல் இரண்டு கம்பளிக்குள் தொப்பியோடு இருந்தார். பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. பதினொன்றுக்கு அவர் உதட்டைப் பார்த்தாள். நாவல்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது.

அவள் சிறாய் உடைத்தாள். ஒரு தீக்குச்சி போதுமாக இருந்தது. அவ்வளவு காய்ந்த விறகு.

மூன்று மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவன் அபெல், வடக்கிலிருந்து வந்தவன். உள்ளே நுழையும்போதே கோட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். அவ்வளவு சூடு.

"தோஞா நெல்டா," என்று மரியாதை வைத்தே கூப்பிட்டான், கொஞ்சம் வருத்தமாக. "இது என்னங்க?"

"அவரு நீலமாயிட்டாரு."

"அடுப்பு ஆறலைன்னா நான் எப்படித் தூக்கறது? நூத்தி இருபது கிலோ இரும்பு."

"முதல்ல அந்தப் பெட்டியை மாட்டி ஓட விடுங்க தம்பி. வீடு சூடானதும் அடுப்பு தானா ஆறட்டும். எடுத்துட்டுப் போங்க."

"மாட்டறேன். ஓட விட முடியாது. அடுப்பு வண்டியில ஏறுன பிறகுதான் பெட்டிக்கு உயிர். ரெண்டையும் வச்சுக்கிட்டு எங்களுக்குக் கதவைச் சாத்துனவங்க இந்த ஊர்ல நிறைய. அதனாலதான் இந்த விதி."

ஒசியேலுக்கு அது பிடித்திருந்தது. முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, வெளியில மைனஸ் பதினஞ்சுன்னு வை. இந்தப் பெட்டி சூட்டை எங்கேருந்து எடுக்கும்?"

"வெளிக்காத்துலேருந்துதான், தோன் ஒசியேல். அதுலயும் சூடு இருக்கு."

"வெளிக்காத்துல சூடு இருந்தா நாங்க எதுக்குப்பா கோட்டு மாட்டிக்கிட்டுத் திரியறோம்?"

சின்னவன் சிரித்துவிட்டான். அபெல் சிரிக்கவில்லை, அந்தக் கேள்வியை அவன் அந்த மாதத்தில் நாற்பது வீட்டில் கேட்டிருப்பான். இரண்டு பேரும் மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து, வெளிச்சுவரில் விசிறிப் பெட்டியையும் உள்ளே வெள்ளைப் பெட்டியையும் மாட்டினார்கள். போகும்போது அபெல் வாசலில் நின்றான்.

"செவ்வாக்கிழமை மூணு மணி. அன்னைக்கும் சூடா இருந்துச்சுன்னா பெட்டியைக் கழட்டி அடுத்த வீட்டுக்குக் குடுத்துரச் சொல்லிருக்காங்க. என் கையில ஒண்ணுமில்ல."

அதன் பிறகு ஐந்து நாள் அந்த வெள்ளைப் பெட்டி செத்தபடி சுவரில் தொங்கியது. அதற்கு எதிரில் அடுப்பு எரிந்தது. ஒசியேல் நடுவில் உட்கார்ந்து இருமினார். கதவைத் திறந்து கட்டை போடும்போதெல்லாம் ஒரு பிடி புகை வெளியே வரும். அவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஏதோ அவள் அசிங்கமாக எதையாவது செய்துவிட்டது மாதிரி. சனிக்கிழமை ராத்திரி கழிப்பறைக்குப் போய்வந்த எட்டடிக்கு அவருக்குக் கால்மணி நேரம் மூச்சு வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை எர்வின் வந்தான். அவன் விறகு விற்பவன். லாரியை வாசலில் நிறுத்திவிட்டு அவள் சுட்ட ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே யோசனை சொன்னான்.

"செவ்வாக்கிழமை மாமாவை எங்க வீட்டுல கொண்டாந்து விடுங்க. ஒருநாள் பாடுதானே."

"ஒன் லாரியிலேருந்து ரெண்டு கட்டை எடுத்துட்டு வா," என்றார் ஒசியேல்.

"எதுக்கு மாமா?"

"எடுத்துட்டு வாடா."

அவன் கொண்டுவந்தான். ஒசியேல் இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினார். தொத் என்றது. ஈர மண்ணில் காலணி விழுந்த மாதிரி.

"இது விறகா? இது மரம். இன்னும் மரம். ஒன் வீட்டுல ஒருநாள் உக்காந்தா சாயங்காலம் என்னைப் புகைபோட்ட மீனு மாதிரி கயித்துல கட்டித் தொங்க விடலாம்."

"எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க மாமா. ரெண்டு வருஷம் காயவச்சு விக்க நான் என்ன பெரிய பண்ணைக்காரனா?" எர்வின் கோபப்படவில்லை. ரொட்டியை மென்றபடி பின்கதவைப் பார்த்தான். "ஏசி வந்துட்டா கொட்டகையில இருக்கறதை என்ன பண்றதா இருக்கீங்க?"

அதைத்தான் அவன் கேட்க வந்தான் என்று நெல்டாவுக்கு அப்போது புரிந்தது. கொட்டகையில் கூரை முட்ட லெங்கா இருந்தது. நோய் வருவதற்கு முந்தைய கோடையில், இனி முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்தோ என்னவோ, ஒசியேல் மூன்று குளிருக்குச் சேர்த்து வெட்டிப் பிளந்து அடுக்கிவிட்டார். ஒரு குளிருக்குத் தீர்ந்தது. இரண்டு குளிருக்கு மிச்சம்.

"அது விக்கறதுக்கு இல்ல," என்றார் ஒசியேல்.

"பின்னே?"

"பின்னே ஒண்ணுமில்ல."

அவரை ஒருநாள் உட்காரவைக்க மிச்சமிருந்த இடம் எதிர்வீடு. ஒத்திலியா வீட்டில் போன வருஷமே ஏசி வந்துவிட்டது. ஆனால் அதற்கும் முந்தைய வருஷம் ஒத்திலியாதான் நகராட்சிக்குப் போன் செய்து, எதிர்வீட்டுக் குழாய் ஊரையே கொல்லுகிறது என்று புகார் கொடுத்தாள். ஆள் வந்தான், விறகில் ஈரம் பார்க்கிற ஊசிக் கருவியைக் குத்திப் பார்த்தான், நன்றாகக் காய்ந்த விறகு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒசியேல் அந்தத் தாளைத் தெருப்பக்கம் பார்க்கிற மாதிரி ஜன்னலில் ஒட்டிவைத்தார். இன்றைக்கும் அது அங்கேதான் இருந்தது, மஞ்சளாகி. இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

நெல்டா திங்கட்கிழமை தெருவைக் கடந்து போனாள். ஒத்திலியா கதவை அரைவாசி திறந்தாள்.

"ஒருநாள். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும். நீ அவரோட பேசக்கூட வேணாம்."

"பேசாம இருக்கறது எனக்குப் பழக்கம்தான்," என்றாள் ஒத்திலியா. "ஆனா அவரே வரட்டும். அவர் வாயால கேக்கட்டும். நீ எதுக்கு அவருக்காகத் தெருத்தெருவாப் போறே?"

அவள் திரும்பி வந்து அதை அப்படியே அவரிடம் சொன்னாள்.

"அவ வாசப்படியில போய் நான் நிக்கணுமா?"

"நான் உன்னைப் போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. நாளைக்கு ஆறு மணிக்குக் கடைசிக் கட்டை. பதினோரு மணிக்கு நீ நீலமானாலும் சரி, பச்சையானாலும் சரி, நான் தீக்குச்சியைத் தொட மாட்டேன்."

"என்னைக் கொன்னுருவியா?"

"இந்தப் பக்கம் வச்சாப் புகை கொல்லுது. அந்தப் பக்கம் வச்சாக் குளிர் கொல்லுது. எனக்கு மட்டும் என்ன வழி இருக்கு, சொல்லு. ஒன் மூச்சைக் கேட்டுக்கிட்டே படுத்து எனக்குத் தூக்கம் போயி ஒரு வருஷத்துக்கு மேலாச்சு."

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய் ஆறு மணிக்குக் கடைசிக் கட்டை. ஒன்பது மணிக்கு அடுப்பின் மேல் இருந்த கெட்டிலின் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் ஒன்று இருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. ஒசியேல் எழுந்தார். கோட்டு, தொப்பி, கழுத்துத் துணி எல்லாம் தானே போட்டுக்கொண்டார். கையில் தூக்கிப் போகிற சின்ன ஆக்சிஜன் பாட்டிலைக் காட்டி, "அதை எடு," என்றார்.

தெரு அகலம் இருபது தப்படி. நடுவில் இரண்டு தடவை நின்றார்கள். உறைந்த சேற்றில் அவருடைய கம்பு நழுவியது. ஒத்திலியா வீட்டுப் படியில் மூன்றாவது தடவை நின்று, மூச்சு வந்த பிறகு, அவரே தட்டினார்.

ஒத்திலியா முழுக் கதவையும் திறந்தாள். "என்ன, அண்டை வீட்டுக்காரரே, உங்க வீட்டுப் புகை உங்களையே விரட்டிருச்சா?"

"புகை விரட்டலம்மா. புகை இல்லாததுதான் விரட்டுது." இருமி முடித்தார். "சாயங்காலம் வரைக்கும் உக்காந்துக்கலாமா?"

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு வருஷமாகக் கிட்டத்தில் பார்க்காத முகம். இன்னும் ஏதோ தயாராக வைத்திருந்தாள் போல, அதைச் சொல்லவில்லை. "ஜன்னலோரம் நாற்காலி இருக்கு. கோட்டைக் கழட்டி அங்க மாட்டுங்க."

"கழட்ட மாட்டேன். நான் விருந்துக்கு வரல."

"அவிஞ்சு போவீங்க."

"அவிஞ்சா இறக்கி வை."

நெல்டா அவரை விட்டுவிட்டு வந்து தன் வீட்டில் தனியாக இருந்தாள். குளிர் தரையிலிருந்து ஏறியது. கோட்டைக் கழற்றாமலே, அடுப்பின் பக்கவாட்டில் ரொட்டி சுடுகிற சின்ன அறையிலிருந்து கடைசியாகச் சுட்ட ரொட்டியை எடுத்துத் துணியில் சுற்றினாள். கம்பியிலிருந்த துணிகளை மடித்தாள். அடுப்பைத் துடைத்தாள். ஏன் துடைக்கிறோம் என்று யோசித்து, பாதியில் நிறுத்தி, பிறகு மீதியையும் துடைத்தாள். ஒரு மணிக்குக் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு. செத்தவர்களை முதல் ஒரு மணி நேரத்தில் தொட்டால் இருக்கிற அதே சூடு. இரண்டு மணிக்கு அது வெறும் இரும்பு.

மூன்று மணிக்கு அபெல் வந்து உள்ளங்கையை வைத்தான். தலையை ஆட்டினான். பலகையில் தாளை வைத்து நீட்டினான்.

"இங்க ஒரு கையெழுத்து. தோஞா, ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் குழாயை நான் கூரையிலேருந்து உருவிட்டேன்னா திருப்பி மாட்ட முடியாது. ஓட்டையைத் தகரம் வச்சு அடைச்சுருவோம். நாளைக்கு மனசு மாறுனா எங்கிட்ட வராதீங்க. இப்ப வேணாம்னாலும் ஒண்ணுமில்ல, பெட்டியைக் கழட்டிக்கிட்டுப் போயிருவேன்."

"இந்தப் பெட்டி கெட்டுப்போனா?"

"ஆள் வருவாங்க."

"எப்ப?"

அவன் பொய் சொல்லவில்லை. "வருவாங்க," என்று மறுபடியும் சொன்னான்.

அவள் பேனாவைப் பிடித்தபடி ஜன்னலுக்குப் போனாள். மஞ்சள் தாளுக்குப் பக்கத்தில் கண்ணாடியை முழங்கையால் துடைத்துவிட்டு எதிரே பார்த்தாள். ஒத்திலியாவின் ஜன்னலோரத்தில் ஒசியேல் உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லை. தொப்பி இல்லை. கம்பளிச் சட்டைகூட இல்லை. வெறும் சட்டையோடு, அதன் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, ஒத்திலியாவின் மாத்தேக் குடுவையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் நிற்கவில்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கி அதை முடித்தார். அவர் வாய் அசைவதை இங்கிருந்தே பார்த்து அவளால் அதைச் சொல்ல முடிந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. முப்பத்தொரு வருஷம் அந்த ஆளுக்குச் சூடு பண்ணிக் கொடுத்தவள் அவள். ஒருநாளும் அவர் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்ததில்லை.

கையெழுத்துப் போட்டாள். "எடுங்க."

குழாய் உருவி வந்தபோது ஒரு கூடை கரி தரையில் கொட்டியது. இரண்டு பேரும் மூச்சுப் பிடித்து அடுப்பைத் தூக்கி, பலகையில் உருட்டி, வண்டியில் ஏற்றினார்கள். பின்பு அபெல் ஒரு பொத்தானை அழுத்தினான். வெள்ளைப் பெட்டி உதட்டைத் திறந்தது. முதலில் ஒன்றுமில்லை, கொஞ்ச நேரத்தில் ஒரு சூடான காற்று, யாரோ பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி. வாசனை எதுவும் இல்லை.

இருட்டுகிற நேரத்தில் ஒத்திலியாவே அவரைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். ஒசியேல் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி பழைய இடத்திலேயே இருந்ததால் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தரையில் அடுப்பு நின்ற இடம் மட்டும் புதுப் பலகை மாதிரி வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது.

"நாற்காலியைத் திருப்பட்டுமா?"

"இருக்கட்டும்."

"அவகிட்ட என்ன அவ்வளவு பேச்சு?"

"கரண்ட் பில்லு எவ்வளவு வருதுன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்குறா." பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "இது ராத்திரியெல்லாம் இப்படித்தான் ஊதிக்கிட்டே இருக்குமா?"

"இருக்கும்."

"நம்ம ரெண்டு பேரும் பேசுறதை ஒட்டுக் கேக்கற மாதிரி இருக்கு."

மலைப்பக்கம் காற்று எழுந்திருந்தது. விளக்கு ஒருமுறை மங்கி நிமிர்ந்தது. இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு மூலையிலிருந்த மூச்சு மெஷினைப் பார்த்தார்கள். இரண்டும் ஓடின.

நெல்டா எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். கொட்டகை இருட்டில் கை தானாகத் தேடி எடுத்தது: நாலு பெரியது, இரண்டு நடுத்தரம், மேலே ஒரு பிடி சிறாய். ராத்திரிக்கான விறகு. காலால் கதவைத் தள்ளி உள்ளே வந்து, வெளுத்த சதுரத்துக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஆறு. கையில் விறகோடு அப்படியே நின்றாள்.

ஒசியேல் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது.

"இங்க போடு," என்றார், நாற்காலிக்குப் பக்கத்தைக் காட்டி. எப்போதும் போடுகிற இடம்தான்.

அவள் போட்டாள். அவர் குனிந்து இரண்டு கட்டைகளை எடுத்தார். எடுப்பதற்கு நேரம் பிடித்தது. மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு ஒன்றோடொன்று தட்டினார். டங் என்று, சின்னக் கோயில் மணி மாதிரி, வீடு முழுக்கக் கேட்டது.

"காஞ்சிருக்கு," என்றார்.

"ஆமா."

"இன்னும் ரெண்டு குளிருக்கு வரும்."

"வரும்," என்றாள் அவள்.